மீன்தொட்டிக்குள் கரிக்குளம்

அக்டோபர் 12, ஞாயிறு

மீன்தொட்டி கிடைத்துவிட்டது! சலூன் கடை பூமி அண்ணன் கொடுத்தார். மேல் விளிம்பிலிருந்து கீழே இறங்கிய ஒரு விரிசல். மற்றபடி நல்ல கண்ணாடி.

"இருந்த மீனெல்லாம் செத்துப்போச்சு. நீ என்னத்த வளக்கப் போற?" என்றார்.

"மண்ணை" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குச் சோப்பு நுரை போடப் போய்விட்டார்.

அடுத்த மாதம் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் எரிமலை செய்கிறார்கள். சமையல் சோடாவும் எலுமிச்சையும் இருந்தால் எரிமலை வந்துவிடும். நான் எங்கள் ஊர்க் கரிக்குளத்தைச் செய்யப் போகிறேன்.

கரிக்குளம் என்றால் குளம் இல்லை. சுரங்கக் கம்பெனி எங்கள் ஊர்க் கல்லை உடைத்து, மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, பென்சிலுக்குள் இருக்கிற கரியை மட்டும் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுகிற சாம்பல் நிறச் சேற்றைக் குழாய் வழியாக மேட்டுக்கு ஏற்றி, மண் கரை போட்டுத் தேக்கி வைத்திருக்கிறார்கள். சேறு நிறைய நிறைய, காய்ந்த சேற்றையும் மண்ணையும் போட்டுக் கரையை உயர்த்துவார்கள். இப்போது அது எங்கள் பள்ளி மாடியை விட உயரம். கரைக்குக் கீழே ஒரு வயல், வயலுக்குக் கீழே எங்கள் தெரு.

அந்தச் சேற்றை ஏற்றுகிற பம்பை ஓட்டுவது என் அப்பா. சோணைமுத்து என்று சொன்னால் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

கரையின் வெளிச்சரிவில் நாங்கள் நட்ட மரங்கள் நிற்கின்றன. ஐந்தாம் வகுப்பில் சுற்றுச்சூழல் தினத்தன்று கம்பெனியும் பள்ளியும் சேர்ந்து நட வைத்தார்கள். "கண்மாய்க் கரையைப் பனை காக்கிற மாதிரி இந்தக் கரையை உங்கள் கன்றுகள் காக்கும்" என்று கம்பெனி அதிகாரி மேடையில் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். என்னுடையது வேம்பு. இப்போது என்னை விட வளர்த்தி. வாரம் ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. மண் தோண்ட முடியவில்லை. தமிழ்ப் பாடம் முழுவதும் படித்து முடித்தேன், அடுத்த பருவத்துக்கு உரியதையும்.

அக்டோபர் 18, சனி

மாதிரி தயார். தொட்டிக்குக் குறுக்கே மண் கரை. கரிக்குளத்தின் ஓரத்தில் காய்ந்து கிடந்த சேற்றையே அள்ளி வந்து கட்டினேன், உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் தீப்பெட்டி வீடுகளால் எங்கள் தெரு. சரிவின் நடுவில் ஒரு தீக்குச்சி. அதுதான் என் வேம்பு.

நிஜக் கரையின் அடியில் கசிகிற தண்ணீர் வெளியே வர ஒரு குழாய் உண்டு. அதற்குப் பதில் இளநீர்க் கடை ஸ்ட்ரா.

தண்ணீரில் நீல மையைக் கலந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கரைக்குள் தண்ணீர் எதுவரை ஊறியிருக்கிறது என்று ஒரு நீலக் கோடாகத் தெரிகிறது. கோடு மேலிருந்து சாய்ந்து இறங்கி, ஸ்ட்ராவின் வாயில் போய் முடிகிறது. சொட்டு, சொட்டு, சொட்டு. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்றே தெரியவில்லை. அம்மா அரைக்கச் சொன்ன சட்னி அப்படியே கிடந்தது.

அக்டோபர் 20, தீபாவளி

வெடி வெடிக்கவில்லை. எல்லாம் நமுத்துவிட்டது. விடாத மழை. ஆனாலும் ஊரில் இன்று பெரிய கொண்டாட்டம். காரணம் வேறு.

கரிக்குளத்தின் கசிவுக் குழாயில் சில நாளாகத் தண்ணீர் அதிகம். குழாய்க்குப் பக்கத்திலும் மண் ஊறி ஊற்று மாதிரி வந்ததாம். காலையில் எண்ணெய் தேய்த்த தலையோடு ஆண்கள் எல்லோரும் ஓடினார்கள்.

கசிவு அடைப்பதில் எங்கள் ஊர் ஆட்களுக்குச் சுற்று வட்டாரத்தில் பெயர் உண்டு. எந்தக் கண்மாய் கசிந்தாலும் இங்கேதான் ஆள் விடுவார்கள். வைக்கோலைப் பிரியாக முறுக்கி, களிமண்ணில் புரட்டி, கசிகிற வாயில் திணித்து, மேலே களிமண் கொட்டி, தோளோடு தோள் கோத்து நின்று மிதிப்பார்கள். நடுவில் நின்று மிதிக்கிறவர் எப்போதும் அப்பாதான். அவர் கால் பட்டால் சொட்டு நீர் வராது என்பார்கள்.

குழாயையும் சேர்த்து அடைத்தாயிற்று. ஃபோர்மேன் அருளப்பன் மாமா (என் வகுப்பு ஜெபராணியின் அப்பா) அடியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "சோணை, காஞ்ச மாவு மாதிரி இருக்குய்யா!" என்றாராம். கம்பெனி செலவில் எல்லோருக்கும் கறிச்சோறு.

அப்பா கணுக்கால் வரை களிமண்ணோடு வந்து, "கால் கழுவ மனசே வரலத்தா" என்று சிரித்தார்.

அக்டோபர் 23, வியாழன்

நிஜத்தில் குழாயை அடைத்துவிட்டார்கள். மாதிரியும் அப்படித்தானே இருக்க வேண்டும்? நேற்று மாலை ஸ்ட்ராவின் வாயைக் களிமண்ணால் அடைத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் கரை சரிந்து, தெரு முழுவதும் நீலச் சேறு. தொட்டியின் விரிசல் வழியாக வெளியே வேறு ஓடியிருக்கிறது.

அம்மா துடைப்பத்தோடு நின்றாள். "அரிசி டப்பாக்குக் கீழ எல்லாம் சேறுடி! பிள்ளைன்னா ஒரு ரங்கோலி, ஒரு எம்ப்ராய்டரின்னு செய்யாதா?"

நான் சரியாக மிதிக்கவில்லை. விரலால் எவ்வளவுதான் மிதிக்க முடியும்?

அக்டோபர் 25, சனி

அம்மிக் குழவியால் இடித்து இடித்துப் புதுக் கரை. கல் மாதிரி இருந்தது. ஸ்ட்ராவை அடைத்தேன். மறுபடியும் சரிந்துவிட்டது. அடைத்த இடம் அசையவே இல்லை. அதற்கு மேலே, சரிவின் பாதியில் மண் சோறு மாதிரிக் குழைந்து இறங்கியிருக்கிறது.

ஜெபராணி வந்து பார்த்தாள். "கண்காட்சியில இத வச்சா முன்னாடி நிக்கிறவுங்க பாவாடையெல்லாம் நாஸ்தி. பேசாம எரிமலைக்கு வந்துரு, நான் புகைக்கு சாம்பிராணி வாங்கிருக்கேன்" என்றாள்.

நான் கவனக்குறைவானவள். அவ்வளவுதான்.

அக்டோபர் 27, திங்கள்

வேம்பைப் பார்க்கப் போனேன். அதன் அடியில் சதசதவென்று இருந்தது. செருப்பு மாட்டிக்கொண்டது. மழைக்காலம்தானே.

அக்டோபர் 29, புதன்

வீட்டில் சில மாற்றங்கள்.

ஆடுகளை மாமா வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். அங்கே புல் நன்றாக இருக்கிறதாம். இங்கேயும் மழைக்கு இடுப்பளவு நிற்கிறது.

ரேஷன் கார்டு, என் சான்றிதழ்கள், அம்மாவின் தோடு எல்லாவற்றையும் அம்மா பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணுக்கு ஏற்றிவிட்டாள். எலித் தொல்லையாம்.

அப்பா வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் கரை மேல் போய் உட்கார்ந்துவிட்டு இருட்டிய பிறகு வருகிறார். கேட்டால், "காத்து நல்லா வருதுத்தா" என்கிறார். அப்பாவுக்குக் காற்று பிடிக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

இன்று சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "மீனா, பொங்க வரைக்கும் மதுரைல அத்த வீட்ல இருந்து படி. அங்கிட்டு கணக்கு டியூசன் இருக்காம்."

எனக்குக் கணக்கில் தொண்ணூற்றாறு. மதுரைக்கு எதற்கு என்று அழுதேன். அம்மாவும் அழுதாள். நான் அழுதது கண்காட்சிக்காக. அவள் எதற்கு அழுதாள் என்று தெரியவில்லை. நான் போக மாட்டேன்.

நவம்பர் 1, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

நூர்ஜஹான் டீச்சர் அறிவியல் வகுப்பில் அடிக்கடி சொல்வார்: ஒரு சோதனை திரும்பத் திரும்பத் தோற்றால் உன்னைத் திட்டிக்கொள்ளாதே, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார். நான் ஒவ்வொரு தடவையும் மண்ணை, இடிப்பதை, எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றாமல் வைத்திருந்தது அடைப்பை மட்டும்தான்.

அதனால் இன்று முதலில் செய்த அதே மாதிரிக் கரை. ஸ்ட்ரா திறந்து இருந்தது. காலையிலிருந்து நன்றாக நின்றது. சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்ட்ராவை அடைத்துவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. கீழே காய்ந்த மாவு மாதிரி இருந்தது. பிறகு நீலக் கோடு மெல்ல நிமிர ஆரம்பித்தது. வெளியே போக வழி இல்லாத தண்ணீர் உள்ளேயே மேலே ஏறுகிறது. ஏறி ஏறி, சரிவின் நடுவில் வெளியே எட்டிப் பார்த்தது. தீக்குச்சி நட்டிருந்த இடத்தில் நீலம் வந்தது. தீக்குச்சி சாய்ந்தது.

என் வேம்பு.

என் செருப்பு மாட்டிக்கொண்ட இடம்.

நவம்பர் 2, ஞாயிறு

அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வேண்டும் என்று ராத்திரியே மனப்பாடம் செய்திருந்தேன். பாதியில் எல்லாம் கலைந்துவிட்டது.

"நம்ம அடைச்சது தப்புங்கிறியா?"

"தப்புன்னு இல்லப்பா… தண்ணி உள்ள மாட்டிக்கிச்சு."

"எத்தன கண்மாய் அடைச்சிருக்கோம்? ஒண்ணு ஒடஞ்சிருக்கா? தொட்டியும் கரையும் ஒண்ணாத்தா?"

"ஒண்ணு இல்லப்பா. சும்மா பாருங்க. பாத்துட்டு என்னையத் திட்டுங்க."

அம்மா அடுப்படியிலிருந்து, "பாத்தாத்தான் என்ன? காத்து வாங்கப் போறதுக்கு இங்கனயே உக்காந்து பாருங்க" என்றாள். அம்மா 'காத்து' என்று சொன்ன விதம் ஒரு மாதிரி இருந்தது.

அப்பா உட்கார்ந்தார். திரும்பக் கட்டி வைத்திருந்த கரையில் ஸ்ட்ராவை அடைத்தேன். மழையும் காற்றுமாக இருந்தது. கோடு ஏறியது. அப்பாவின் டீயில் ஆடை படிந்தது. கரை சரிந்து தீப்பெட்டி வீடுகள் மேல் இறங்கியபோது அப்பா இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டார், நிறுத்திவிடலாம் என்பது போல.

பிறகு குடை எடுக்காமல் வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் கண்ணாடி கிளாஸ். என் வேம்புக்குக் கீழே ஊறிய தண்ணீராம். நான் அதை என் தமிழ்ப் புத்தகத்தின் முன்னால் வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

"ஒரு வாரமா தெளிவாத்தான் வந்துச்சு" என்றார் அப்பா. "இன்னக்கிதான் கலங்கல்."

தெளிந்த தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும் போகிறது. கலங்கிய தண்ணீர் என்றால் கரையின் மண்ணும் கூடவே போகிறது. இதை நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு வாரமாக.

நவம்பர் 3, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. நடந்ததை அம்மாவும் நானும் பம்பு ஷெட் வாசலில் நின்று பார்த்தோம்.

அப்பா காலையில் ஷிப்டுக்குப் போனதும் பம்பை நிறுத்திவிட்டார். குழாயில் எப்போதும் கேட்கிற கடகட சத்தம் நின்றதும் ஊரே வெளியே வந்துவிட்டது. கூட அடைத்த ஆட்கள் எல்லோரும் வந்தார்கள்.

"ஏன் சோணை, நம்ம மிதிச்சது தப்புன்னு நீயே சொல்றியாமே?" என்றார் பூமி அண்ணனின் அப்பா.

"ஆமாண்ணே."

"மக மீன்தொட்டியில பாத்துச்சாம்ல? நாளைக்கு சோத்துப்பானையில பாத்து மழை நிக்கும்னு சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அப்பா சிரிக்கவில்லை. "நடுவுல நின்னு மிதிச்சது நாந்தாண்ணே. தப்புன்னா மொதத் தப்பு எங்காலு பண்ணுனது. நீங்க சிரிங்க. ஆனா மேல ஏறி அந்த வேம்புகிட்ட ஒரு கை தண்ணி அள்ளிப் பாத்துட்டு வந்து சிரிங்க" என்றார்.

இரண்டு பேர் போனார்கள். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

மேனேஜர் ஃபோனில் கத்துவது எங்களுக்கே கேட்டது. பம்பைப் போடு, இல்லாவிட்டால் சோணைமுத்து நாளையிலிருந்து வர வேண்டாம். அருளப்பன் மாமா ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். மாமா ஷெட்டைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டார்.

"சாவி எங்கிட்டதான் இருக்கு சார். நீங்க மொதல்ல ஒரு இஞ்சினியர அனுப்புங்க."

அவள் அப்பாவுக்காகவே, ஜெபராணியின் எரிமலையை மட்டம் தட்டி நான் இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

நவம்பர் 5, புதன்

இதை ஒன்பதாம் வகுப்பு அறையில், என் பெஞ்சில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் தெரு முழுவதும் ரோட்டு மேட்டில் இருக்கிற பள்ளிக்கு வந்துவிட்டது. கரும்பலகையில் இன்னும் திங்கட்கிழமைப் பாடம் இருக்கிறது. அம்மா அதற்குக் கீழே காய் நறுக்குகிறாள்.

திருச்சியிலிருந்து இஞ்சினியர் வந்தார். கோதாவரி மேடம். ரப்பர் பூட்ஸ் அவருக்குப் பெரிது. சரிவில் ஏறும்போது ஒரு பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது, அவர் மட்டும் மேலே போய்விட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துவிட்டு வெறுங்காலோடு சுற்றிப் பார்த்தார். பார்த்து முடித்ததும் முதல் வேலையாக எங்களை வெளியேறச் சொன்னதும் அவர்தான்.

அடியில் குனிந்து அடைப்பைக் கம்பியால் குத்திப் பார்த்தார். கம்பி இறங்கவில்லை. "இவ்வளவு கெட்டியா அடைச்சது யாரு?"

அப்பா கையைத் தூக்கினார், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது மாதிரி.

"பிரமாதமான வேலைங்க" என்றார் மேடம். "இடந்தான் தப்பு. கண்மாய்க் கரை களிமண்ணு. கோடையில காயும், இறுகும். இது அரைச்ச கல்லு மாவு. வருசம் பூரா நனைஞ்சே நிக்கிறது. இதுக்கு மூச்சு விடுற வழியே அந்தக் குழாய்தான்."

"அப்ப இப்பவே பிடுங்கிருவமா?" என்றார் பூமி அண்ணனின் அப்பா.

"ஐயோ, பிடுங்குனா மண்ணோட சேந்து எல்லாம் வந்துரும். மொதல்ல மேல நிக்கிற தண்ணிய எறைக்கணும். அப்புறம் கசியிற இடத்துல மணல், அதுக்கு மேல பொடி ஜல்லி, அதுக்கு மேல கல்லு. தண்ணி வரணும், மண்ணு வரக்கூடாது. டீ வடிகட்டி மாதிரி. அதப் போட்டுக்கிட்டே அடைப்பக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும்."

பிறகு சரிவை நிமிர்ந்து பார்த்தார். "மரம் யாரு வச்சது?"

இந்தத் தடவை நான் கையைத் தூக்கினேன்.

வேர் உள்ளே போகும், வேர் போன வழியில் தண்ணீர் போகும், மரம் காற்றில் ஆடினால் மண் இளகும். எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். கரை அமைதியான பிறகு. மேடம் இதை மெதுவாகத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். பனை ஏன் பரவாயில்லை என்று கேட்டேன். பதில் நீளமாக இருந்தது, எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மேலே தேங்கிய தண்ணீரைப் பழைய குவாரிப் பள்ளத்துக்கு இறைக்கிறார்கள். அப்பாதான் ஓட்டுகிறார். மேனேஜர் "வர வேண்டாம்" என்றதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அம்மா பள்ளி அடுப்பில் ஊருக்கே ரசம் வைத்தாள். புளி அதிகம். 

நவம்பர் 7, வெள்ளி

கரைக்கு அடியில் கொஞ்சம் பேர்தான் நிற்கலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். மற்றவர்கள் ரோட்டு மேட்டிலிருந்து வரிசையாக நின்று மணல் கூடையைக் கை மாற்றினோம். ரோட்டுப் பக்கக் கடைசியில் நான், எனக்கு அடுத்து ஜெபராணி, அடுத்து அம்மா. மணல், பிறகு ஜல்லி, பிறகு கல். ஜெபராணி கையில் கொப்புளம் வந்து, "எரிமலையே தேவலடி" என்றாள். ஆனால் கூடையை விடவில்லை.

அடைப்பை எடுக்கப் போனது அப்பா. இடுப்பில் கயிறு. மறுமுனை மேட்டில் அருளப்பன் மாமா கையில்.

"வேற ஆள விடுங்களேன்" என்றாள் அம்மா.

"வைக்கோல் பிரி எங்கிட்டு எப்படிப் படுத்துருக்குன்னு எனக்குல்ல தெரியும், பஞ்சு" என்றார். அம்மாவின் பெயர் பஞ்சவர்ணம். எல்லோர் முன்னாலும் அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

நடுவில் மழை வந்தது. யாரும் ஒதுங்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் கரையைப் பார்த்தார்கள். அம்மா கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடை அவள் கையில் வந்து நின்றுவிடும், நான் "அம்மா" என்றதும் கைமாற்றுவாள்.

ஒரு பிடி களிமண். ஒரு கூடை மணல். ஒரு பிடி. ஒரு கூடை. திடீரென்று கீழே பெரிய சத்தம். குழாய் தும்முவது மாதிரி. கருப்பாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கயிறு விறைத்தது. மாமா ஓரடி முன்னால் இழுபட்டார், பூமி அண்ணனும் அவர் அப்பாவும் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார்கள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

"மணல்! மணலக் கொண்டா!" இது அப்பா குரல்.

கூடை மறுபடி ஓடியது. அவ்வளவு வேகமாக நான் வாழ்க்கையில் எதையும் கை மாற்றியதில்லை.

மாலையில் அப்பா மேலே வந்தபோது கண் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள், அழுத்தி, கோபமாக, பாத்திரம் தேய்ப்பது மாதிரி.

நவம்பர் 8, சனி

காலையில் குழாய்த் தண்ணீரை கிளாஸில் பிடித்து வந்தார்கள். புத்தகத்தின் முன் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பாடத் தலைப்பு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. மேடத்திடம் கலங்கலை அளக்கிற கருவி இருக்கிறது. ஆனாலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னைக்கு எந்த எழுத்து வரைக்கும்?" என்று கேட்கிறார்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டது. வேம்பின் அடியில் கசிவு நின்றுவிட்டது. அதனால் இன்று மரங்களை வெட்டினார்கள்.

"நீ வர வேணாம்த்தா" என்றார் அப்பா. போனேன். வேறு யாராவது வெட்டியிருந்தால் பார்க்காமல் இருந்திருப்பேன். அப்பா தானே வெட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

முதல் வெட்டுக்கு இலையில் இருந்த மழைத் தண்ணீர் எல்லாம் எங்கள் இரண்டு பேர் மேலும் கொட்டியது. வேரையும் தோண்டி எடுத்து, குழியில் மண் போட்டு இறுக்கி இடித்தார்கள். வேர் நான் நினைத்ததை விட எவ்வளவோ நீளம். அதன் நுனி கரைக்குள்ளிருந்து ஈரமாக வந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு அழுகை நின்றுவிட்டது.

பள்ளியில் தங்கியிருக்கிற எல்லோரும் இன்று வேப்பங்குச்சியால் பல் துலக்கினார்கள். ஜெபராணி துப்பிவிட்டு, "உன் மரம் உன்ன மாதிரியேடி, செம கசப்பு" என்றாள்.

நவம்பர் 14, வெள்ளி

தெளிந்துவிட்டது!

பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பக்கத்தின் அடியில் இருக்கிற பொருள் விளக்கம் வரை. அப்பா கிளாஸை வாங்கி, புத்தகத்துக்கு முன்னால் பிடித்து, வகுப்பறையில் எல்லோர் நடுவிலும் ஒரு வரியை எழுத்துக் கூட்டாமல் உரக்கப் படித்தார். அவருக்குப் பின்னால் கரும்பலகை இருந்தது. யாரோ கை தட்டினார்கள்.

மேடம் கரையின் மேலிருந்து அடி வரைக்கும் சில இடங்களில் குழாய் இறக்கி, உள்ளே நீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்தார். இறங்கியிருக்கிறது. இன்னும் வேலை பாக்கி. கரையின் அடியை நீளத்துக்கும் கல் போட்டுப் பலப்படுத்த வேண்டும், அது முடியும் வரை சேறு ஏற்றக்கூடாது. ஆனால் வீட்டுக்குப் போகலாம்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆடுகள் வந்துவிட்டன. அம்மா பரணிலிருந்து பிளாஸ்டிக் பையை இறக்கி, தோட்டை எடுத்துக் காதில் போட்டுக்கொண்டாள். எலி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "போயிருச்சு" என்றாள்.

மதுரை டியூசனைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

கண்காட்சி. முதல் பரிசு எரிமலைக்கு! ஜெபராணியுடையது. சாம்பிராணிப் புகையில் நடுவர்களுக்கே இருமல் வந்துவிட்டது. எனக்கு ஆறுதல் பரிசு, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். என் மேசையில் எதுவும் சரியவில்லை, வெடிக்கவில்லை, ஸ்ட்ராவிலிருந்து நாள் முழுவதும் தெளிந்த தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பார்ப்பதற்குச் சலிப்பாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு நடுவர், "இதுல என்னம்மா நடக்குது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் நடக்கல சார்" என்றேன். "அதுதான் சார்."

பள்ளிச் சுவர் ஓரமாகப் புதுக் கன்றுகள் நடப்போகிறார்கள். வேம்பு வேண்டும் என்று பெயர் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

மறுபடியும் மழை. பக்கத்து ஊர்க் கண்மாய் கசிகிறது என்று இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். "சோணைமுத்து அண்ணன் இருக்காரா? நடுவுல நின்னு மிதிக்க ஆள் வேணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா வைக்கோல் பிரியைத் தோளில் போட்டார். மண்வெட்டியை எடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, அடுப்படியிலிருந்து அந்தக் கண்ணாடி கிளாஸை எடுத்தார்.

"எதுக்குண்ணே, டீ அங்கயே போடுவோம்ல?" என்றார் வந்தவர்.

"டீக்கு இல்லப்பா." என்னிடம் கையை நீட்டினார். "மீனா, போன வருசத் தமிழ்ப் புத்தகம் எங்கத்தா? பெரிய எழுத்து, சின்ன எழுத்து ரெண்டும் இருக்கிற பக்கமா எடுத்துக் குடு."

மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தேன்.